குண்டனுக்குக் கடைசித் தேதி

ஒரு கம்ப்யூட்டரைத் தயாரிக்க எவ்வளவு காகிதம் வேண்டுமோ, அதை நிறுத்த அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். இருபத்து மூன்று வருட வேலையில் ஜுவாங் யூஃபென் சந்தேகமறத் தெரிந்துகொண்டது இது ஒன்றுதான். தாவ்யுவானில் இருந்த அந்தக் கம்பெனியில் புது மாடல் பிறந்தால் பூங்கொத்து வரும், போட்டோ எடுப்பார்கள், முதலாளி எல்லோருக்கும் கை கொடுப்பார். பழைய மாடலை அடக்கம் செய்வதற்கு மட்டும் ஆள் தேட மாட்டார்கள். அது நேராக யூஃபென்னின் மேஜைக்கு வந்துவிடும். ஒன்பது மாடல்களுக்கு அவள் காரியம் செய்து முடித்திருந்தாள். பத்தாவதாக வந்தது இ.எஸ். 410.

பட்டியலில்தான் அந்தப் பெயர். மெஷின்களைப் பூட்டுகிற லைனில் எல்லோருக்கும் அது குண்டன். பள்ளிக்கூடங்களுக்கென்றே செய்த மலிவு மெஷின். பதினோரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் வருடா வருடம் இளைத்துக்கொண்டே போக, இது மட்டும் அதே தடித்த சாம்பல் பெட்டிக்குள் அப்படியே இருந்தது. வேகம் கிடையாது, அழகு கிடையாது, விற்பனைக்காரர்கள் அதன் படத்தை வெளியே எடுக்கவே கூச்சப்பட்டார்கள். ஆனால் பிள்ளைகள் சோயாப்பாலைக் கொட்டினாலும் துடைத்துவிட்டு ஓட்டலாம். பின்பக்கம், வேறு எந்த மெஷினிலும் இல்லாத அகலமான பழைய பிரிண்டர் துவாரம் ஒன்று இருந்தது. அது ஏன் இன்னும் இருக்கிறது என்று கம்பெனியில் யாருக்கும் தெரியாது. எடுக்கச் சொல்லி யாரும் எழுதவில்லை, அதனால் இருந்தது.

நிறுத்துவது என்று முடிவானதும் பெரிய முதலாளி பஞ்சாங்கத்தைப் புரட்டினார். சந்திரக் கணக்கில், பேய்கள் வெளியே வருகிற ஏழாம் மாதம் ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை பிறக்கிறது. அந்த மாதத்தில் எதையும் தொடங்கக் கூடாது, எதுவும் அரைகுறையாக நிற்கவும் கூடாது. ஆகவே கடைசி ஆர்டர் வாங்கும் நாள் ஜூலை பதினைந்து, ஏழாம் மாதம் பிறப்பதற்குள் லைனைக் கழற்றிவிட வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஜூலையில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடக்கும் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கவில்லை. அதைச் சொல்லத்தான் கூட்டத்தில் யூஃபென் வாயெடுத்தாள். மேஜையைச் சுற்றி எல்லாத் தலைகளும் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். எதிர்த்துப் பேசவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

அதற்குப் பதிலாக, கடிதத்தை ஜூன் பத்தாம் தேதியே அனுப்பிவிட ஏற்பாடு செய்தாள். மொத்தம் முந்நூற்றுப் பதினேழு பள்ளிகள். அலுவலக வழக்கம் எதுவோ அதுதான்: கடிதத்தை டைப் செய்து, அச்செடுத்து, கம்பெனியின் சதுர முத்திரையைச் சிவப்பு மையில் பதித்து, அந்தத் தாளை ஸ்கேன் செய்து, படமாக மெயிலில் அனுப்புவது. புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாப் பெண்ணுக்கு இந்தச் சுற்றுவழி புரியவில்லை.

"டைப் பண்ணினதை அப்படியே மெயில்ல போட்டா என்னக்கா? எதுக்கு அச்செடுத்து, மறுபடி படம் பிடிச்சு..."

"முத்திரை இல்லாத கடுதாசியை எந்த ஸ்கூல்ல மதிப்பாங்க? ஏதோ விளம்பரம்னு தள்ளி விட்டுடுவாங்க. போய் ஸ்கேன் பண்ணும்மா."

முந்நூற்றுப் பதினாறு பள்ளிகளைப் பொறுத்தவரை அவள் சொன்னது சரிதான்.

ஜூலை இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தாள். தொலைபேசி அடித்தது. இலான் கடற்கரைப் பக்கம் இருக்கும் பார்வையற்றோர் பள்ளியிலிருந்து பெங் வாத்தியார். அங்கே கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர் அவர்தான். அவருக்கும் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பதினோரு வருடமாகக் குண்டனைத் தவிர வேறு மெஷினை அந்தப் பள்ளிக்குள் விட்டதில்லை.

"ஜுவாங் மேடம், சாப்டாச்சா?"

"இப்பதான் சார் டப்பாவைத் திறந்தேன். சொல்லுங்க."

"ஐயோ, அப்ப சாப்பிடுங்க. அப்புறமா கூப்பிடறேன்."

"டப்பா எங்கயும் ஓடிடாது சார். சொல்லுங்க."

"நல்ல சேதிதான். இருபது மெஷினுக்குப் பணம் ஒதுக்கிட்டாங்க. வர்ற ஒண்ணாம் வகுப்புக்கும் சேத்து எல்லாப் பிள்ளைக்கும் ஆளுக்கு ஒண்ணு. செப்டம்பர்ல ஆர்டர் போட்டா சீக்கிரம் கிடைக்குமா?"

யூஃபென் சாப்பிடும் குச்சிகளை டப்பாவின் மேல் வைத்தாள்.

"சார்... ஜூன்ல ஒரு கடுதாசி அனுப்பினேனே. வரலையா?"

"வந்துதே." கொஞ்சம் தயங்கினார். "வந்துது மேடம். ஆனா அதுல ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லன்னா?"

"வெறும் தாள். அவசரத்துல எழுதாத தாளை அனுப்பிட்டீங்கன்னு நினைச்சேன். கவனிச்சுட்டு மறுபடி அனுப்புவீங்கன்னு ஒரு வாரம் பாத்தேன். அப்புறம் பரீட்சை வந்துடுச்சு. ஃபோன் பண்ணி, 'மேடம், வெத்துத் தாளை அனுப்பிருக்கீங்க'ன்னு சொன்னா உங்களுக்கு சங்கடமா இருக்கும். பக்கத்துல நாலு பேர் இருப்பாங்க. அதான் விட்டுட்டேன்."

அப்போதுதான் யூஃபென்னுக்குப் புரிந்தது. பெங் வாத்தியாரின் விசைப்பலகைக்குக் கீழே ஒரு பட்டை உண்டு. திரையில் வரும் எழுத்துக்கள் அதில் புள்ளிகளாக எழும்பும். அவர் விரலால் தடவிப் படிப்பார். எழுத்தென்றால்தான் எழும்பும். படத்தில் எழுத்து ஏது? சிவப்பு முத்திரை போட்டு, நேராக மடிப்பில்லாமல் ஸ்கேன் செய்து, மரியாதையோடு அவள் அனுப்பிய அந்தக் கடிதத்தில் அவர் விரலுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. பதினோரு வருடமாக அந்தப் பட்டைக்கு ஒயர் மாற்றிக் கொடுத்தவளே இவள்தான். மாசி மாதக் குளிரில் அவர் வெட்கத்தை விட்டுக் கேட்டும் இருந்தார்: "நிறுத்தறதா இருந்தா முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம்." "சொல்லாம நிறுத்துவோமா சார்?" என்று சிரித்தவளும் இவள்தான். அவள் மானம் போகக்கூடாதென்று அந்த மனுஷர் ஆறு வாரம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

இதோ, இப்போதே சொல்லிவிடலாம். கடைசித் தேதி முடிந்து பதினோரு நாளாகிறது சார், மன்னித்துவிடுங்கள் என்று.

"நான் பாத்துட்டுக் கூப்பிடறேன் சார்," என்றாள்.

"மெதுவா பாருங்க. அவசரமே இல்ல."

சாப்பாடு ஆறிப்போயிற்று. அதை அப்படியே மூடி வைத்துவிட்டு மேலாளர் கோவின் அறைக்குப் போனாள். கோ அவளைவிட எட்டு வயது சின்னவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. மேலேயும் கீழேயும் இழுபட்டு எப்போதும் தலைவலியோடு இருப்பவர்.

"இருபது மெஷினுக்காக லைனை நிறுத்தி வைக்கச் சொல்றீங்களாக்கா? கழட்டற ஆளுங்க நாளைக்கு வர்றாங்க."

"லைன் வேணாம் சார். நாலு மேஜை போதும்."

"மேஜை இருக்கு. உள்ள போடற போர்டு எங்க இருக்கு? மிச்சம் மீதியெல்லாம் திருப்பி அனுப்பியாச்சே."

"ரிப்பேர் அலமாரில பதினாலு இருக்கு."

கோ கண்ணாடியைக் கழற்றினார். "அது அஞ்சு வருஷ ரிப்பேருக்குன்னு வச்சது. புது மெஷினுக்கு ஒரு அடாப்டர் ஒயரைப் போட்டுக் குடுங்க, முடிஞ்சுது கதை."

"அதை ரெண்டு வருஷம் முன்னாடியே போட்டுப் பாத்தாச்சு. அவங்களோட பட்டை, பிரெயில் அச்சு மெஷின், எழுத்தைப் புள்ளியாக்கற புரோகிராம் எல்லாமே பழசு. அந்த அகலத் துவாரத்துல நேரா சொருகினாத்தான் பேசும். புரோகிராமைத் திருத்தலாம்னா, எழுதினவர் செத்துப் போயிட்டார்."

"கடுதாசி அனுப்பினோம்ல? ஆர்டர் போடாதது அவங்க தப்புதானே?"

"படமா அனுப்பினேன் சார். கண்ணு தெரியாதவருக்கு." அவள் குரல் உயரவில்லை, ஆனால் முகம் எரிந்தது. "தப்பு என்னோடது."

கோ மூக்கின் மேல் விரலை வைத்து அழுத்தினார். "நாளைக்கு வேற ஸ்கூல்ல போர்டு போச்சுன்னு வந்து நின்னா?"

"புது மெஷினைக் கொடுத்துடுவோம். கண்ணால பாக்கறவங்க ரெண்டு நாள்ல பழகிப்பாங்க."

கோ மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அலமாரிலேருந்து எடுக்கற சீட்டை நீங்க எழுதுங்க. உங்க முத்திரையை வைங்க. என்னோடதைக் கேக்காதீங்க," என்றார் கடைசியில். அலமாரி காலி என்று என்றைக்காவது யாராவது கண்டுபிடித்தால், சிவப்பு மையில் இருக்கப்போவது ஒரே ஒரு பெயர். ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது. யூஃபென் கைப்பையிலிருந்து தன் சிறிய முத்திரையை எடுத்து அந்த இடத்திலேயே பதித்தாள். துணிச்சல் என்று எதுவும் தோன்றவில்லை. சீக்கிரம் முடிந்தால் சரி என்றுதான் இருந்தது.

தொழிற்கூடத்தில் ஆஜினைச் சமாளிப்பது இதைவிடக் கஷ்டம். பதினோரு வருடமும் குண்டன் லைனுக்குத் தலைவி அவள். ஐம்பத்தைந்து வயது, வாய்க்கு மட்டும் இருபது.

"ஏண்டி யூஃபென், போன வெள்ளிக்கிழமைதானே இவனுக்குக் கேக் வெட்டி அனுப்பி வச்சோம்? செத்தவனை எழுப்பி வேலைக்கு அனுப்பச் சொல்றியா?"

"பதினாலுதான்க்கா."

"பதினாலோ நாலோ. ஞாயித்துக்கிழமை ஏழாம் மாசம் பொறக்குது. அன்னிக்கு எதுவும் அரைகுறையா என் மேஜையில கிடக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இந்தக் கை ஸ்க்ரூடிரைவரைத் தொடாது, சொல்லிட்டேன்."

"வெள்ளிக்கிழமையே முடிச்சுடலாம்."

"முடிச்சுடலாம்னா? நீயா முடுக்கப் போற?"

"நானும் முடுக்கறேன்."

ஆஜின் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உன்னை விட்டா கோணலா முடுக்குவ. நீ பெட்டியைத் துடை, போதும்."

புதன் தொடங்கி வெள்ளி வரை, கழற்றுகிற ஆட்கள் லைனின் நகரும் பட்டையைத் துண்டு துண்டாக அவிழ்த்து வெளியே தூக்கிக்கொண்டிருக்க, ஒரு மூலையில் நான்கு மேஜையில் குண்டன்கள் உருவானார்கள். லைனில் ஒரு மெஷின் ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிடும். கையால் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. பெட்டி மூடிகள் இரண்டு கீறல் விழுந்தவை. பார்க்கப்போவது யார் என்று லைன் பெண்களில் ஒருத்தி சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சோதனை ரேக்கின் மேல், மெஷின்கள் அடம்பிடிக்காமல் இருக்கட்டும் என்று ராசிக்காக வைத்திருந்த பச்சைத் தின்பண்டப் பொட்டலத்தைக் கழற்றுகிறவன் ஒருவன் எடுக்கப் போக, ஆஜின் அவன் கையில் ஒரு அடி போட்டாள்.

வியாழக்கிழமை யூஃபென் பெங் வாத்தியாருக்குத் தொலைபேசினாள். சனிக்கிழமை பதினான்கு மெஷின்கள் வருகின்றன, காகிதமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

"இவ்வளவு சீக்கிரமாவா? நான் ஆர்டரே போடலையே!" அவருக்குச் சந்தோஷத்தில் குரல் தடுமாறியது. "மீதி ஆறு மெதுவா வரட்டும் மேடம். நீங்க ரொம்ப சிரமப்படாதீங்க."

அவள் "சரி சார்" என்று வைத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற ஆஜின் துணியால் கையைத் துடைத்தபடி அவளையே பார்த்தாள்.

"இதான் கடைசின்னு அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"நேர்ல போய்ச் சொல்லிக்கறேன்."

"ஏன், ஃபோன்ல வாய் வராதா?"

"நேர்ல சொல்றதுதானேக்கா மரியாதை."

"மரியாதையாம் மரியாதை," என்று சொல்லிவிட்டு ஆஜின் அடுத்த மூடியை எடுத்தாள்.

சனிக்கிழமை காலை வேன் மலைச் சுரங்கத்தைத் தாண்டி இலான் சமவெளிக்குள் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. வழி நெடுக யூஃபென் வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தாள். தங்கள் நீண்டகால ஆதரவுக்கு நன்றி என்று தொடங்கியது ஒன்று. சந்தைச் சூழல் காரணமாக என்று தொடங்கியது இன்னொன்று. எல்லாமே அவள் முந்நூற்றுப் பதினேழு பேருக்கு எழுதியவைதான். வாயில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் பேச்சாக இல்லை. வேன் டிரைவர் இவள் தனக்குள் முணுமுணுப்பதைப் பார்த்து ரேடியோவைக் கொஞ்சம் குறைத்தான்.

பெங் வாத்தியார் வாசலிலேயே குடையோடு நின்றிருந்தார். விடுமுறைக்குப் பள்ளி காலியாக இருந்தது. வகுப்பில் இருபது மேஜைகளையும் அவரே தனியாக இழுத்து வரிசையாகப் போட்டிருந்தார். ஒரு தட்டில் வெங்காயத்தாள் ரொட்டி, சூடு போகாமல் துணி போட்டு மூடியிருந்தது.

"முதல்ல சாப்பிடுங்க. அந்த டிரைவர் தம்பியையும் கூப்பிடுங்க."

"இறக்கிட்டுச் சாப்பிடறோம் சார்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன. அவர் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றின் முதுகிலும் கையை விட்டுத் தடவினார். அகலமான அந்தத் துவாரத்தில் விரல் பட்டதும் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். கீறல் விழுந்த மூடி மேல் கை வந்தபோது ஒரு நொடி நின்று, அடுத்ததற்கு நகர்ந்தார். பதினான்காவது மேஜைக்கப்புறம் ஆறு மேஜைகள் காலியாக இருந்தன. அவற்றின் ஓரத்தையும் ஒருமுறை தடவினார்.

"இந்த ஆறும் எப்ப வரும் மேடம்? பெற்றோருக்குச் சொல்லணும், அதான் கேக்கறேன்."

அடுக்கி வைத்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை.

"வராது சார். நிறுத்திட்டாங்க. இதை இனிமே செய்ய மாட்டோம். லைனைக் கழட்டியாச்சு. இதுவும் ரிப்பேருக்கு வச்சிருந்த போர்டை எடுத்துப் போட்டதுதான்."

பெங் வாத்தியார் காலி மேஜையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஜூன்ல அனுப்பின கடுதாசி..."

"இதான் சார் அதுல இருந்துது. ஜூலை பதினஞ்சுக்குள்ள ஆர்டர் போடணும்னு. நான் படமா அனுப்பிட்டேன். முத்திரை தெரியணும்னு."

"முத்திரை," என்றார் அவர்.

"நீங்க கோச்சுக்கங்க சார். தாராளமா திட்டுங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அதை ஒரு ஃபோன்ல சொல்லியிருக்கலாமேம்மா. அரை நிமிஷம் ஆகியிருக்கும். நானும் 'கடுதாசில ஒண்ணும் தெரியல'ன்னு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம். அது ஒரு அரை நிமிஷம்." அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் ரொம்ப மரியாதை தெரிஞ்சவங்க."

வெளியே மழை வலுத்தது. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ சரியில்லை என்று தெரிந்து வேனுக்கே திரும்பிப் போனான். பெங் வாத்தியார் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உதிரிக்குன்னு இனிமே எதுவும் கிடைக்காது, இல்லையா? அப்ப பதினாலுல ரெண்டைப் பிரிச்சு எடுத்து வைக்கணும். மீதி பன்னெண்டு, அது பழைய பிள்ளைங்களுக்கே சரியாப் போச்சு. புதுசா சேரப் போறது எட்டுப் பிள்ளைங்க. பெரிய வகுப்புப் பிள்ளைங்ககிட்டேருந்து பிடுங்க முடியாது."

"எட்டுப் பேர் வீட்டுக்கும் நான் கடுதாசி எழுதறேன் சார். கம்பெனி சார்பா மன்னிப்புக் கேட்டு..."

"வேணாம்மா."

அவர் எழுந்து சுவரோரம் இருந்த மேஜைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார். எண்கள் அவருக்கு மனப்பாடம்.

"ஷாவ்ஹான் அம்மாவா? பெங் வாத்தியார் பேசறேன். இல்ல, நல்லாத்தான் இருக்கேன். பொண்ணுக்கு மெஷின் தர்றேன்னு சொல்லியிருந்தேன்ல, இந்த வருஷம் அது இல்லை. அடுத்த வருஷமும் சொல்ல முடியாது. என் தப்பு. ஸ்கூலுக்கு அனுப்புங்க, பிரெயில் புள்ளி குத்தற பலகையை வச்சு ஆரம்பிப்போம். ஆமா. வச்சுடறேன்."

வைத்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினார். அந்த வீட்டில் அப்பா எடுத்தார். இரண்டே வார்த்தை பேசிவிட்டு அந்த மனிதர் வைத்தது யூஃபென்னுக்கும் கேட்டது. மூன்றாவது வீட்டில் அழுதார்கள். என் தப்பு, என் தப்பு என்று ஒவ்வொருவரிடமும் பெங் வாத்தியார் சொன்னார். ஒரு இடத்திலும் கம்பெனியின் பெயரை எடுக்கவில்லை. எட்டு வீட்டுக்கும் பேசி முடிக்கிறவரை யூஃபென் அந்தக் காலி மேஜைகளுக்கு நடுவே நின்றாள்.